ஃப்ரீரேடியஸில் ஒரே பயனர் இரண்டு குழுக்களில் இருந்தால் முதல் குழுவின் அமைப்பு மட்டும் வருவது ஏன்?

கல்லூரி வைஃபையில் 'ஆசிரியர்', 'விடுதி' ஆகிய இரு குழுக்களிலும் ஒரு பயனரைச் சேர்த்தும், ஆசிரியர் குழுவின் விலேன் (பயனர் சேர்க்கப்படும் தனிப் பிணையப் பிரிவு) மட்டுமே கிடைக்கிறது, விடுதிக் குழுவின் நேர வரம்பு வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இது பிழையன்று; பிணையத்துக்குள் வரும் பயனர்களைச் சரிபார்த்து அனுமதிக்கும் ஃப்ரீரேடியஸ் சர்வர் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

எஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ராட்யூசர்குரூப் என்னும் அட்டவணைதான் பயனரைக் குழுவோடு இணைக்கிறது. அதிலுள்ள முன்னுரிமை எண் சிறியதாக இருக்கும் குழுவையே சர்வர் முதலில் எடுத்து, ராட்குரூப்செக் அட்டவணையில் உள்ள நிபந்தனைகள் பொருந்தினால் ராட்குரூப்ரிப்ளை அட்டவணையில் உள்ள பண்புகளைப் (விலேன், நேர வரம்பு போன்ற அமைப்புகளை) பதிலில் சேர்த்துவிட்டு, அங்கேயே நின்றுவிடும். அடுத்த குழுவுக்குச் செல்ல வேண்டுமானால், முதல் குழுவின் ராட்குரூப்ரிப்ளையில் 'ஃபால்-த்ரூ = யெஸ்' என்ற வரிசை இருந்தே ஆக வேண்டும். பலர் அதை இரண்டாம் குழுவில் எழுதிவிட்டுத் தவிக்கிறார்கள்.

குறியீட்டையும் கவனியுங்கள்: '=' என்பது அந்தப் பண்பு பதிலில் ஏற்கெனவே இல்லாதபோது மட்டுமே சேர்க்கும்; ':=' பழையதை அழித்து எழுதும். ஆகவே விடுதிக் குழுவிலும் விலேன் எண் இருந்தால், அதற்கு '=' இடுவதே பாதுகாப்பானது.

மாற்றியபின், ஓடிக்கொண்டிருக்கும் சேவையை நிறுத்திவிட்டு, சர்வரை '-எக்ஸ்' (பெரிய எழுத்து X) விருப்பத்துடன் இயக்கி, சோதனைப் பயனராக ஒருமுறை உள்நுழைந்து பாருங்கள்; எந்தக் குழு பொருந்தியது என்பது திரையிலேயே தெரியும்.