குழந்தையின் முதல் திட உணவு: கூழாக ஊட்டுவதா, துண்டாகக் கையில் கொடுப்பதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

என் மகனுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. நாங்கள் சாப்பிடும்போது வாயையே பார்க்கிறான். இப்போதே கையில் ஏதாவது கொடுக்கலாமா?

நீங்கள் சாவிக்கொத்தை எடுத்தாலும் அப்படித்தான் பார்ப்பான். ஆறு மாதம் நிறையட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கும் அதுதான். அதோடு தலை ஆடாமல் நிற்க வேண்டும், அதிகம் பிடிக்காமலே உட்கார வேண்டும், எடுத்த பொருளை நேராக வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். குறைமாதக் குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வாழைப்பழத்தைக் கடித்த என் மகள் ஓங்கரித்து, முகமெல்லாம் சிவந்துவிட்டாள். பயந்துபோய் மறுபடி கூழுக்கே மாறிவிட்டேன். தொண்டையில் அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஓங்கரிப்பு வேறு, அடைப்பு வேறு. இந்த வயதில் ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் நம்மைவிட நாக்கின் முன்பக்கமாக இருக்கிறது. அதனால் உணவு தொண்டையை நெருங்கும் முன்பே உடல் அதை வெளியே தள்ளுகிறது. சத்தம் வரும், இருமல் வரும், கண்ணில் நீர் கோக்கும். சற்று நேரத்தில் அடுத்த துண்டுக்குக் கை நீட்டுவாள். கண்ணுக்குத் தெரியாத துண்டைத் துழாவி எடுக்க விரலை விடாதீர்கள். அது இன்னும் உள்ளே போய்விடும்.

அடைப்பில் சத்தமே இராது. அழவும் இருமவும் முடியாது, உதடு நீலம் பாரிக்கும். உடனே தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். வெளிவராவிட்டால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 முறை அழுத்த வேண்டும். அதற்குள் இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. முதலுதவிப் பயிற்சிக்குப் போய் பொம்மையை வைத்துப் பழகுங்கள்.

2016இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், பாதுகாப்பு ஆலோசனை பெற்றுக் கையில் கொடுத்த குழந்தைகளுக்கு அடைப்பு கூடுதலாக ஏற்படவில்லை. ஆனால் கூழ் ஊட்டியவர்கள் உட்பட இரு தரப்பிலும் பலர் அடைக்கக்கூடிய உணவுகளைக் கொடுத்திருந்தார்கள். ஆகவே நான் முறையைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன், துண்டைப் பற்றித்தான் கவலைப்படுவேன்.

சரி, எப்படி நறுக்குவது?

பெரியவர்களின் விரல் நீளத்துக்கு. ஆறு மாதக் குழந்தை முழு உள்ளங்கையால்தான் பிடிக்கும். பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைத்தான் கடிக்க முடியும். இரு விரல்களுக்கு இடையே வைத்து அழுத்தினால் மசிய வேண்டும். பச்சைக் காரட், ஆப்பிள் துண்டு, முழுக் கொட்டைகள், பாப்கார்ன் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். சாய்ந்த நிலையில் கொடுக்காதீர்கள், பக்கத்தைவிட்டு நகராதீர்கள்.

தின்பதைவிடச் சிந்துவதுதான் அதிகம். இது போதுமா?

தொடக்கத்தில் வயிற்றை நிரப்புவது பால்தான். எனக்கு இருக்கும் கவலை இரும்புச்சத்து. பிறக்கும்போது இருந்த சேமிப்பு ஆறு மாதத்தை ஒட்டிக் கரைந்துவிடுகிறது. 7 முதல் 12 மாதம் வரை நாளுக்கு 11 மில்லிகிராம் தேவை என்பது அமெரிக்கப் பரிந்துரை. பழமும் காரட்டுமே மாறி மாறி வந்தால் அது கிடைக்காது. நன்கு வெந்த இறைச்சி, பருப்பு, முட்டை தினமும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். கரண்டியால் ஊட்டினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வாயை மூடிக்கொண்டால் மட்டும் திணிக்காதீர்கள்.

உப்பு, தேன், நிலக்கடலை?

வீட்டுச் சமையலில் உப்புப் போடும் முன் குழந்தையின் பங்கை எடுத்துவையுங்கள். பொட்டுலிசம் என்ற நச்சு நோய்க்கு இடம் தரும் என்பதால் ஒரு வயதுவரை தேன் ஒரு சொட்டும் வேண்டாம். நிலக்கடலையைத் தள்ளிப்போடுவது பழைய யோசனை. சீக்கிரம் தொடங்கினால் ஒவ்வாமை குறைகிறது என்று 2015இல் வெளியான லண்டன் ஆய்வு காட்டியது. வெண்ணெய்போல அரைத்து மெல்லிதாகத் தடவிக் கொடுங்கள். கரப்பான் என்னும் தோல் அழற்சி கடுமையாக உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.