டிரெய்லர் தண்ணீர்க் குழாய்களும் ஹூஸ்டன் குளிரும்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ஹூஸ்டனில் வருஷத்துக்குச் சில ராத்திரிகள்தான் உறையும் குளிர். காரில் இழுத்துப் போகும் கேம்பிங் டிரெய்லரின் தண்ணீர்க் குழாய்களைக் காலி செய்துதான் ஆகணுமா?

ஆகணும். 2021 பிப்ரவரியில் இங்கே 13 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கியது. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். பெக்ஸ் குழாய் (வளையும் பிளாஸ்டிக் குழாய்) கொஞ்சம் விரிந்து கொடுத்துத் தப்பிக்கும், மாட்டிக்கொள்வது பிளாஸ்டிக் இணைப்பும் பம்ப்பும் டாய்லெட் வால்வும்தான்.

கேள்வி: பிங்க் ஆன்டிஃப்ரீஸ் (டிரெய்லர் குழாய்களுக்கான, உறையாத திரவம்) எத்தனை கேலன் வாங்கட்டும்?

ஒன்று போதும். நம் ஊரில் ஜனவரி நடுவிலேயே வெயில் அடித்துக் கேம்பிங் போகத் தோன்றும், அப்போது குழாய் முழுக்க அதைக் கழுவிக்கொண்டு உட்கார முடியாது என்பதால் நான் காலி செய்து காற்றால் ஊதுவதோடு சரி. காற்றுக் கம்ப்ரசரின் அழுத்தத்தை 40 பிஎஸ்ஐக்கு மேல் வைக்காமல், ஒவ்வொரு குழாயாகத் திறந்து, துப்புவது நிற்கும்வரை ஊதுங்கள். அப்புறம் சிங்க், ஷவர் வடிகால்களில் ஆளுக்கொரு கப் பிங்க். காருக்கு ஊற்றுவதை மட்டும் தொடாதீர்கள், அது விஷம்.

கேள்வி: பம்ப்பையும் சேர்த்து ஊதிவிடுமா?

ஊதாது, அதற்குள் எதிர்த்திசையில் விடாத வால்வு இருக்கிறது. டேங்க்கை வடித்துவிட்டு, பம்ப்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியின் கண்ணாடி மாதிரியான மூடியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள், அரை கை தண்ணீர் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதைக் கொட்டி மூடி, பம்ப்பைச் சில விநாடி ஓட விடுங்கள்.

கேள்வி: வாட்டர் ஹீட்டரை எப்படிக் காலி செய்வது?

முதலில் அணைத்து, ஆற விட்டு, மேலே உள்ள பிரஷர் வால்வைத் தூக்கி அழுத்தத்தை விடுங்கள். அதற்குப் பிறகுதான் தண்ணீரை வடிக்கும் பிளக்கைக் கழற்றணும். நான் முதல் வருஷம் அவசரப்பட்டுக் கழற்றி, சட்டையோடு குளித்தேன். சில ஹீட்டர்களில் அந்த பிளக்கோடு ஆனோடு கம்பி (டேங்க் துருப்பிடிக்காமல் தானே கரையும் கம்பி) வரும், முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் செய்தும் வசந்தத்தில் பக்கவாட்டில் கசிகிறது, ஏன்?

வெளி ஷவர்! சூடு, குளிர் இரண்டையும் திறந்து ஊதினீர்களா? பலரும் மறக்கும் இடம் அதுதான். அதன் மூடிக்குப் பின்னால் விரல் விட்டுத் தடவுங்கள், விரிசல் நகத்தில் தட்டும்.

கேள்வி: வண்டியிலேயே தங்கியிருக்கும்போது ஒரு ராத்திரி உறைந்தால்?

வெளியே இழுத்திருக்கும் ஹோஸைக் கழற்றி வடித்துவிட்டு டேங்க் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். சிங்க் அடி அலமாரிக் கதவுகள் திறந்தே இருக்கட்டும், உள் சூடு குழாய்க்குப் போகும்.