ஒட்டுப் போட்ட இடம் நிற்கிறது, பக்கத்தில் விழுகிறது: ஏன்?

வாசகர் கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் 1996-இல் கட்டிய மாடி வீடு எங்களுடையது. கீழ்த்தளத்தில் இரண்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. மாடிக் குளியலறைக்கு நேர் கீழே தளத்தின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. மேஸ்திரி கொத்திவிட்டு சிமெண்ட் பூசினார். இரண்டே ஆண்டில் அந்த ஒட்டுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. அதையும் பூசினோம். இப்போது அதற்கும் பக்கத்தில் ஊதிக்கொண்டு நிற்கிறது. தெருப்பக்கத்துச் சன்ஷேடிலும் துருக்கறை. மணல் சரியில்லை என்கிறார் மேஸ்திரி. தறி அதிர்வு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சுவரில் வெள்ளையாகப் பூப்பதைப் பார்த்து, ஜல்லியில் மேக்னசைட் என்ற வெள்ளைக் கல் கலந்திருக்கும் என்கிறார் இன்னொருவர். கட்டும்போது போர்வெல் உப்புத் தண்ணீரைத்தான் பயன்படுத்தினோம். இடிப்பதா, பழுது பார்ப்பதா? அதே ஆண்டில் ஏற்காட்டில் கட்டிய என் மைத்துனர் வீடு அத்தனை பனியிலும் மழையிலும் நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: சன்ஷேடிலிருந்து தொடங்குகிறேன். அதன்மேல் ஏசியின் வெளிப்பெட்டியோ பூந்தொட்டியோ இருந்தால் இன்றைக்கே இறக்கிவிடுங்கள். அடியில் யாரும் வண்டி நிறுத்தவோ உட்காரவோ வேண்டாம். கூரைத்தளத்தில் காரை விழுந்தால் பெரும்பாலும் தலையில் ஓர் அடி பட்டதோடு முடியும். சன்ஷேடு விழுந்தால் மொத்தமாக விழும். அது ஒரு பக்கம் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் அந்தரத்தில் நிற்பது. அதை இழுத்துப் பிடிக்கும் கம்பி மேல்பக்கத்தில் இருக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது படாது. போதாக்குறைக்கு, கான்கிரீட் போடும் நாளில் சட்டி தூக்குகிறவர்கள் மிதித்து மிதித்து அந்த மேல்கம்பி பாதி ஆழத்துக்கு இறங்கிவிடுவதும் உண்டு. நான் உடைத்துப் பார்த்த பழைய சன்ஷேடுகளில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஏணி வைத்து ஏறி, சன்ஷேடு சுவரைத் தொடும் இடத்தில் சுவரை ஒட்டியே நீளவாக்கில் விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

அடுத்து, குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலரை விடுவித்துவிடலாம். 1996-இல் நம் பக்கத்தில் வீடு கட்டியவர்கள் பெரும்பாலும் ஆற்று மணலில்தான் கட்டினார்கள். எம்-சாண்டைத் திட்டும் இன்றைய பழக்கத்தில் மேஸ்திரி சொல்லியிருப்பார். தரையில் நிற்கும் தறியின் அதிர்வு பூச்சில் மயிரிழை விரிசலை உண்டாக்கலாம். கம்பியைத் துருப்பிடிக்க வைக்காது.

மேக்னசைட் கதை சேலத்துக்கே உரியது. செட்டிச்சாவடிப் பக்கம் வெள்ளை நரம்போடிய குன்றுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு வெள்ளையாக எது தெரிந்தாலும் அந்த நினைவுதான். வெட்டியெடுத்த பச்சை மேக்னசைட் கல் கான்கிரீட்டுக்குள் சும்மா கிடக்கும். சூளையில் கடும் வெப்பத்தில் சுட்ட மக்னீசியாதான் வம்பு: அது ஆண்டுக்கணக்கில் மெல்ல ஈரம் உறிஞ்சி இரு மடங்குக்கு மேல் பருத்துவிடும். சூளைக் கழிவைத் தரை நிரப்பவோ பூச்சுக்கோ கலந்திருந்தால் வட்டவட்டமாகத் தெறிக்கும். தெறித்த குழியின் அடியில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். உங்கள் வீட்டில் பெயர்ந்த இடத்தில் தெரிந்தது துருவேறிய கம்பி. சுவரில் பூப்பது ஈரத்தோடு வெளியே வந்து காய்ந்த உப்பு, அவ்வளவுதான். ஈரம் நடமாடுகிறது என்பதற்கு அது சாட்சி.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உண்டாகி அதைக் காக்கிறது. இந்தக் காவலை இரண்டு பேர் உடைக்கலாம்: காற்றிலிருந்து நுழையும் கரியமில வாயு, தண்ணீரோடு வரும் குளோரைடு. படலம் உடைந்தபின் ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் துரு தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெரிசலில்தான் காரை ஊதுகிறது.

கரியமில வாயு பொறுமையானது. அது நுழையும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். 10 மி.மீ. ஆழம் போக 9 ஆண்டு பிடித்தால், 20 மி.மீ. போக 36 ஆண்டு பிடிக்கும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் கட்டை) வைக்காமல் கருங்கல் சில்லைச் செருகி 20 மி.மீ.யை 10 ஆக்கிய அந்த ஒரு நாள் வேலையில் கால் நூற்றாண்டு போய்விடுகிறது. உங்கள் வீடு கட்டிய காலத்து விதியான ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதியின் 1978 பதிப்பு, தளத்துக்கு 15 மி.மீ. மூடுகனம் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) போதும் என்றது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அது 20 ஆனது. அந்த 15-ஐயும் களத்தில் எத்தனை பேர் வைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் கரியமில வாயு மட்டும் காரணமாக இருந்தால் கூடத்தின் கூரையும் இந்நேரம் முணுமுணுத்திருக்க வேண்டும். தளத்தில் விழுவது குளியலறைக்குக் கீழே மட்டும். அதுவும் ஒட்டுக்கு ஒட்டாகப் பக்கம் பக்கமாக. இது குளோரைடின் கைவரிசை போலிருக்கிறது.

துருப்பிடிக்கும் கம்பி ஒரு மின்கலத்தைப் போன்றது. ஓரிடம் எலெக்ட்ரானை விட்டுக்கொடுத்துக் கரைகிறது. அதே கம்பியில் பக்கத்து இடம் அதை வாங்கிக்கொண்டு கரையாமல் தப்புகிறது. அதாவது முதலில் துருப்பிடித்த இடம் தான் அழிந்துகொண்டே அக்கம்பக்கத்தைக் காத்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி அந்த இடத்தைக் கொத்தி உப்பில்லாத புதுக் கலவையைப் பூசியதும் அங்கே கம்பி கரைவது நின்றது. சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டிலோ உப்பு அப்படியே இருக்கிறது. இதுவரை வாங்கிக்கொண்டிருந்த பக்கத்து இடம் இப்போது விட்டுக்கொடுக்கும் இடமாக மாறிவிட்டது. புது ஒட்டின் அடியில் உள்ள கம்பியைக் காப்பதும் சேர்ந்துகொள்வதால் அது முன்னைவிட வேகமாகக் கரைகிறது. ஒட்டு நன்றாக நிற்க, அதன் ஓரத்தைச் சுற்றி வளையம் போலக் காரை விழுவது இதனால்தான். மேஸ்திரியின் கைவேலையில் குறை இருந்திருந்தால் ஒட்டே விழுந்திருக்கும். அவர்மேல் கோபப்பட வேண்டாம்.

சரி, குளோரைடு எங்கிருந்து வந்தது? கட்டும்போது ஊற்றிய உப்புத் தண்ணீர் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. நம் ஊரில் சோப்பு நுரைக்காத தண்ணீரையெல்லாம் உப்புத் தண்ணீர் என்போம். அது சுண்ணாம்புச்சத்து மிகுந்த கடினநீர். கம்பியை அரிப்பது அதுவல்ல, குளோரைடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு வரை விதி அனுமதிக்கிறது. அப்படிப்பட்ட தண்ணீரை ஊற்றினாலும் சேர்வது 100 கிராம்தான். கான்கிரீட்டுக்கு மொத்த வரம்போ கன மீட்டருக்கு 600 கிராம். உங்கள் போர்வெல் தண்ணீர் விதியைப்போல ஆறு மடங்கு மோசமாக இருந்தால்தான் அது தனியாளாக வரம்பைத் தொடும். அந்தத் தண்ணீரை நீங்கள் வாயில் வைக்க முடியாது.

இனி குளியலறையை நினைத்துப் பாருங்கள். கடினநீரால் டைல்ஸில் வெள்ளைத் திட்டுப் படிகிறது. அதைப் போக்க நம் வீடுகளில் என்ன ஊற்றுகிறோம்? ஆசிட். ஹைட்ரோகுளோரிக் அமிலம். 10 சதவீதக் கரைசல் ஒரு லிட்டரில் கிட்டத்தட்ட 100 கிராம் குளோரைடு இருக்கிறது. விதியின் உச்ச வரம்பில் உள்ள தண்ணீர் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குக் கொண்டுவரும் அத்தனை குளோரைடும் ஒரே பாட்டிலுக்குள்! அதில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும், உண்மைதான். ஆனால் அதே ஆசிட் டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமெண்டையும் கரைத்து வழி திறந்துவிடுகிறது. வாரம் ஒருமுறை, இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் இதையே பார்த்தேன். சிறிய சுத்தியலால் தளத்தின் அடியைத் தட்டிக்கொண்டே போனோம். நல்ல இடம் ‘டங்’ என்றது. ஊதிய இடம் மண்பானை போல ‘டொப்’ என்றது. ஊதாத இடத்தில் புதிதாக ஒரு சில்லு உடைத்து, பினாப்தலீன் கரைசலைத் தெளித்தோம். காரம் உள்ள கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும். காரம் இழந்தது நிறம் மாறாது. அங்கே கம்பியைச் சுற்றிலும் நல்ல ரோஜா நிறம். கரியமில வாயு இன்னும் வரவே இல்லை. அந்த ரோஜா நிறத்துக்கு நடுவே கம்பியில் ஆணி குத்தியது போலக் கருங்குழிகள். காரம் இருக்கும்போதே குழிகுழியாகக் கரைவது குளோரைடின் முத்திரை. வீட்டம்மாவிடம் தரையை எதால் கழுவுவீர்கள் என்று கேட்டேன். படியடியில் வரிசையாக நின்ற காலிப் பாட்டில்களைக் காட்டினார்.

நீங்களும் ஊகத்தில் நிற்க வேண்டாம். தட்டிப் பார்ப்பதை இன்றே செய்யலாம். ஒலி மாறும் எல்லையைச் சாக்பீஸால் வரைந்து வையுங்கள். பினாப்தலீன் சோதனையையும் குளோரைடு சோதனையையும் சிவில் துறையும் பொருள் சோதனைக்கூடமும் உள்ள பொறியியல் கல்லூரியிடம் கேளுங்கள். குளோரைடுக்கு டிரில் போட்டு எடுத்த தூளை மொத்தமாகக் கொடுக்கக் கூடாது. அடியிலிருந்து மேல்நோக்கி 15 மி.மீ.க்கு ஒரு பொட்டலமாகத் தனித்தனியே கட்டிக் கொடுங்கள். எல்லாப் பொட்டலத்திலும் ஒரே அளவு என்றால் அது கட்டும்போதே கலந்தது. மேலே போகப் போக ஏறினால் குளியலறையிலிருந்து இறங்கியது. கூடத்தின் தளத்திலும் ஒரு துளை போட்டு ஒப்பிட்டால் சந்தேகத்துக்கே இடமிராது. தாமிர சல்பேட் மின்முனையை வைத்துக் கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் சோதனையும் உண்டு. -350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறங்கும் இடங்களில் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே துரு ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். இந்தத் துறையில் காரைக்குடியில் உள்ள சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) பல பத்தாண்டுகளாக வேலை செய்துவருகிறது என்பதால் தமிழ்நாட்டுப் பொறியாளர்களுக்கு இச்சோதனை புதிதல்ல.

பழுதுபார்ப்பு மேலிருந்து தொடங்க வேண்டும். குளியலறை டைல்ஸை எடுத்து, தரை வடிகாலின் டிராப்பையும் குழாய் இணைப்புகளையும் மாற்றி, நீர்காப்புப் பூச்சு கொடுத்து, இரண்டு நாள் தண்ணீர் தேக்கிக் கசிவு இல்லை என்று உறுதியான பிறகே கீழே கை வைக்க வேண்டும். கீழே கொத்துமுன் தளத்துக்கு முட்டு. ஊதிய இடத்தோடு நிறுத்தாமல், கம்பி பளிச்சென்று வரும்வரை அதன் நீளத்திலேயே தொடர்ந்து கொத்த வேண்டும். கம்பிக்கு மேலே விரல் நுழையும் அளவு இடைவெளி வேண்டும், கம்பியின் முதுகிலும் உப்பு இருப்பதால். துருவை உலோகம் தெரியும்வரை தேய்த்தபின் காலிப்பரால் அளந்து பாருங்கள். 8 மி.மீ. கம்பி 7 ஆகியிருந்தால் ஒரு மில்லிமீட்டர்தானே என்று விடக் கூடாது. பரப்பில் கிட்டத்தட்ட கால்பங்கு போய்விட்டது. அங்கே புதுக் கம்பி இணைத்தே ஆக வேண்டும்.

பிறகு துத்தநாகப் பிரைமர், பாலிமர் கலந்த பழுதுக் கலவை, அடுக்கடுக்காக. உப்பு முழுதையும் அகற்ற முடியாத தளத்தில் ஒட்டின் ஓரம் நெடுகச் சிறு துத்தநாக வில்லைகளைக் கம்பியோடு சேர்த்துக் கட்டி உள்ளே புதைப்பார்கள். கம்பிக்குப் பதில் துத்தநாகம் கரையும். முதல் துரு செய்த காவல் வேலையை இனி இது செய்யும். பக்கத்தில் விழும் தொல்லைக்கு நேரான மருந்து இதுதான். மேஸ்திரிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் நீங்களே கேட்டு வாங்குங்கள். பூச்சுக்கடியில் ஜிப்சமும் புட்டியும் வேண்டாம்.

வீட்டை இடிக்கும் பேச்சை விடுங்கள். தளம் தொய்ந்திருந்தாலோ, கம்பிகளில் பெரும்பாலானவை கால்பங்குக்கு மேல் கரைந்திருந்தாலோ, குளியலறை அளவுக்கு அந்தத் தளத்துண்டை மட்டும் வெட்டியெடுத்துப் புதிதாகப் போடலாம். கட்டுமானப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டிய முடிவு அது. சன்ஷேடைப் பற்றி எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை: மேல்கம்பி துருவேறியிருந்தால் அகற்றிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

ஏற்காட்டு மைத்துனர் வீட்டுக்கு வருகிறேன். கரியமில வாயு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே நுழைய வேண்டும். சேர்வராயன் மலைமேல் மூடுபனியிலும் மழையிலும் அந்தத் துளைகள் ஆண்டில் பல நாள் நீரால் நிறைந்திருக்கும். நீருக்குள் வாயு நகர்வது மிக மெதுவாக. காற்றின் ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் இருக்கும்போதுதான் அது மிக வேகமாக உள்ளே போகும், நம் சமவெளியில் பல மாதங்கள் இருப்பதைப்போல. அதனால் பனி அவர் வீட்டைக் காத்தது என்றே சொல்லலாம். ஆனால் அங்கே ஒருமுறை காவல் உடைந்தால் துருவுக்குத் தேவையான ஈரம் எப்போதும் தயாராக இருக்கிறது. சேலத்து வறட்சி தரும் ஓய்வு அதற்கு இல்லை. அடுத்த முறை மலையேறும்போது சுத்தியலை எடுத்துச் செல்லுங்கள். மழை படாத சன்ஷேடின் அடியையும் சமையலறைக் கூரையையும் தட்டிப் பாருங்கள். கூடவே, குளியலறையை எதால் கழுவுகிறார் என்றும் கேட்டுவையுங்கள்.