இம்ப்ரெஷன் அப்படியே இருக்கிறது, கிளிக் எங்கே போனது?

கேள்வி: நான்கு ஆண்டுகளாக மாடித்தோட்டம் பற்றித் தமிழில் ஓர் இணையதளம் நடத்துகிறேன். வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகிறது. கூகுள் தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலில் பார்த்தால் இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவில் என் பக்கம் தோன்றிய எண்ணிக்கை, பெரிதாகக் குறையவில்லை. கிளிக் மட்டும் பாதியாகிவிட்டது. தேடல் பக்கத்தின் உச்சியில் கூகுள் காட்டும் ஏஐ பதில்தான் காரணம் என்கிறார்கள். என் கட்டுரைகளை அது எடுக்காமல் தடுத்துவிடலாமா?

பதில்: தடுக்க வழி இருக்கிறது. ஆனால் தளம் முழுக்கத் தடுத்தால் மிச்சமிருக்கும் கிளிக்கிலும் ஒரு பங்கு போய்விடும். எந்தப் பக்கங்கள் சரிந்தன என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில், கடைசி 3 மாதங்களை முந்தைய ஆண்டின் அதே 3 மாதங்களோடு ஒப்பிடுங்கள். போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை. ஆடிப்பட்டத்துக்கு விதை தேடிய கூட்டம் ஐப்பசியில் வராது. அந்தப் பழியை ஏஐ மேல் போடக் கூடாது. கன்சோல் 16 மாதத் தரவை மட்டுமே வைத்திருக்கும் என்பதால் இருப்பதை இன்றே பதிவிறக்கி வையுங்கள்.

சாதனம் என்ற வடிகட்டியில் ‘மொபைல்’ மட்டும் வையுங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் கேட்டு வாங்கும் வசதியை 2025 செப்டம்பரில் கூகுள் எடுத்துவிட்டது. தரவரிசை பார்க்கும் மென்பொருள்கள் அதைத்தான் நம்பியிருந்தன; அவை பார்த்ததும் இம்ப்ரெஷனாக எண்ணப்பட்டிருக்கலாம். உடனே பல தளங்களில் கணினி வழி இம்ப்ரெஷன் மளமளவென்று இறங்கியது, சராசரி இடம் மட்டும் மேலே ஏறியதுபோலத் தெரிந்தது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் கலந்து ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

இப்போது பக்கம் பக்கமாகப் பாருங்கள். ஒரு பக்கம் போன ஆண்டு 10,000 இம்ப்ரெஷனுக்கு 400 கிளிக் வாங்கியது; இந்த ஆண்டு அதே 10,000-க்கு 190 என்று வைத்துக்கொள்வோம். சராசரி இடம் 3-லிருந்து 9-க்கு இறங்கியிருந்தால் அது தரவரிசைப் பிரச்சினை. ஏஐக்கும் அதற்கும் தொடர்பு இல்லாமலிருக்கலாம். இடம் 3-லேயே நின்றும் கிளிக் விழுந்திருந்தால், உங்களுக்கு மேலே வேறேதோ வந்து உட்கார்ந்திருக்கிறது. அது ஏஐ பதிலா, யூடியூப் வீடியோ வரிசையா, விளம்பரமா என்று கன்சோல் சொல்லாது. ஏஐ பதிலுக்குள் இருக்கும் இணைப்புகளையும் அது வழக்கமான இணையத் தேடலோடுதான் சேர்த்து எண்ணுகிறது. எனவே அதிகம் சரிந்த 20 தேடல் சொற்களை எடுத்து, போனில் மறைநிலைச் சாளரத்தில் நீங்களே தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர வேலைதான்.

அந்த 20-இல் பெரும்பாலானவை ‘எவ்வளவு’, ‘எப்போது’, ‘எத்தனை நாள்’ ரகமாக இருக்கலாம். வினவல் வடிகட்டியில் ரெஜெக்ஸை (பல சொற்களை ஒரே நேரத்தில் தேடும் முறை) தேர்ந்தெடுத்து, இந்தச் சொற்களுக்கு நடுவே நிற்கும் கோடு (|) இட்டு எழுதினால் எல்லாம் ஒரே பட்டியலில் விழும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்களுக்காக அதே சொற்களை ஆங்கில எழுத்திலும் சேருங்கள். பலர் இதை மறந்துவிட்டு பாதிப் பட்டியலை வைத்து முடிவெடுக்கிறார்கள்.

‘பஞ்சகவ்யா எவ்வளவு தண்ணீரில் கலப்பது?’ என்று ஒருவர் தேடுகிறார். லிட்டருக்கு 30 மில்லி, அதாவது 3 சதவீதம். இந்த ஒரு வரி மேலேயே கிடைத்துவிட்டால் அவர் எதற்காக உங்கள் பக்கத்துக்கு வர வேண்டும்? அந்தக் கிளிக்கைத் திரும்ப எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கலந்து தெளிக்கத் தொடங்கியதும் தெளிப்பானின் நாசில் அடைத்துக்கொள்ளும். அப்போது வேறு தேடல் வரும். துணியில் இருமுறை வடிகட்டுவது, அடைத்த நாசிலைக் கழற்றிக் கழுவுவது, உச்சி வெயிலில் தெளிக்காமல் மாலையில் தெளிப்பது, இலையின் அடிப்பக்கம் நனைந்ததா என்று பார்ப்பது, இவற்றைப் படத்தோடு காட்டும் பக்கத்தை நாலு வரிச் சுருக்கத்துக்குள் அடைக்க முடியாது. அளவு மட்டும் சொல்லும் ஐந்தாறு குட்டிப் பக்கங்கள் இருந்தால் அவற்றை இப்படி ஒரு பெரிய பக்கத்தோடு இணைத்து, பழைய முகவரிகளுக்கு 301 திருப்புதல் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய பக்கத்துக்கு நிரந்தரமாக அனுப்புவது) போடுங்கள். முகவரியை அப்படியே அழித்துவிட்டால் சேர்த்துவைத்த மதிப்பும் போய்விடும்.

இனி தடுப்புக்கு வருகிறேன். எந்தத் தானியங்கி தளத்தைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் (robots.txt) ‘கூகுள்-எக்ஸ்டெண்டெட்’ என்ற பெயரைத் தடுத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். 2023-இல் வந்த அந்தக் கட்டுப்பாடு கூகுளின் ஜெமினி ஏஐக்கானது. தேடல் பக்கத்தின் ஏஐ பதிலை அது தொடாது. அந்தப் பதிலுக்குச் செய்தி எடுப்பது, தேடலுக்காகத் தளங்களைப் படிக்கும் வழக்கமான கூகுள்பாட்டேதான். அதையே தடுத்தால் தேடலிலிருந்தே காணாமல் போவீர்கள்.

வேலை செய்வது ‘நோஸ்னிப்பெட்’ குறிச்சொல் (nosnippet): பக்கத்திலிருந்து எந்த வரியையும் எடுத்துக் காட்டாதே என்று கூகுளுக்குச் சொல்வது. ஆனால் அது முடிவுக்குக் கீழே வரும் இரண்டு வரி விளக்கத்தையும் சேர்த்தே அழித்துவிடும். வெறும் தலைப்பைப் பார்த்து யாரும் அவ்வளவாகத் தட்டுவதில்லை. இதைவிட ‘டேட்டா-நோஸ்னிப்பெட்’ பரவாயில்லை: பக்கத்தில் ஒரு பத்தியை மட்டும் மறைக்கலாம். ஸ்பான், டிவ், செக்‌ஷன் ஆகிய மூன்று ஹெச்டிஎம்எல் டேக்குகளில் மட்டுமே அது செல்லும். பத்தி டேக்கில் நேராகப் போட்டுவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பதுதான் வழக்கமான தவறு. எந்த வழியானாலும் 5 பக்கங்களில் மட்டும் போட்டு, கன்சோலில் மறு அட்டவணைக்குக் கோரி, 4 வாரம் பாருங்கள். கிளிக் ஏறாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

சாட்ஜிபிடி விஷயம் வேறு. ஜிபிடிபாட் என்பது ஏஐ மாதிரியைப் பயிற்றுவிக்கப் பக்கங்களை எடுப்பது. ஓஏஐ-சர்ச்பாட் தேடல் பதிலில் உங்கள் இணைப்பைக் காட்ட உதவுவது. முதலாவதைத் தடுத்து இரண்டாவதை விட்டுவைக்கலாம். தளம், அதற்கு முன்னால் நின்று பாதுகாக்கும் கிளவுட்ஃபிளேர் சேவை வழியாக ஓடினால் அங்கே ஏஐ பாட் தடுப்பு ஏற்கெனவே இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

கூகுளை நம்பாத ஒரு வழியும் கையில் இருக்கட்டும். பெரிய பக்கத்தின் முடிவில் மின்னஞ்சல் கேட்கும் ஒரு பெட்டி போதும். பட்டம் தொடங்கும் முன் ஒரு மடல் அனுப்பினால் திறந்து பார்ப்பார்கள். வாட்ஸ்அப் சேனல் சீக்கிரம் வளரும்தான், ஆனால் அங்கே பின்தொடர்பவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறிடம் போக முடியாது. மின்னஞ்சல் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை இறக்கி வையுங்கள்.