பொருட்கள் ஏன் முன்போல் உழைப்பதில்லை?

பழைய பொருட்கள் வருடக்கணக்கில் உழைத்தன, இப்போது வாங்குவது ஏன் சீக்கிரமே குப்பைக்குப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் தற்செயல் இல்லை. 1924-இல் ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பல்பு நிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி, ஒரு பல்பு சுமார் 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று பேசி வைத்துக்கொண்டன. அதைத் தாண்டி எரியும் பல்பைச் செய்தால் அபராதம் வேறு.

இன்றைய கைபேசியைத் திறந்து பாருங்கள், பல மாடல்களில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், அதை மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், அதனால் கீறல்கூட விழாத திரையையும் சேர்த்தே தூக்கிப் போடுகிறோம். அப்புறம் அது எங்கே போகிறது? கானாவின் அக்ரா நகரில் செம்புக்காக ஒயர்களை எரித்து, அந்தக் கரும்புகையைச் சுவாசித்தே பிழைத்த இளைஞர்கள் ஏராளம். என்னால் இதைத்தான் தாங்க முடியவில்லை.