அந்த ஆசிரியருக்கு எதற்கு விடுப்பு?

கேள்வி: எனக்கு 29 வயது. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. தன்னார்வலர்களை அனுப்பும் ஓர் அமைப்பின் மூலம் வெளிநாட்டில் ஒரு கிராமப் பள்ளியில் ஆறு வாரம் தங்கி, 10 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு வந்திருக்கிறது. பயணம், தங்குமிடம், அமைப்புக்கான கட்டணம் எல்லாம் என் சேமிப்பிலிருந்துதான். அலுவலகத்தில் ஒதுக்கிவைத்த 12 பழைய லேப்டாப்களையும் கேட்டு வாங்கிவிட்டேன். அங்கே கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கு நான் இருக்கும் ஆறு வாரமும் விடுப்பு கொடுத்துவிடுவார்களாம், அதனால் வகுப்பு முழுக்க என் கையில்தான். பிரச்சினை வீட்டில். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது பரவாயில்லை. அக்கா கூடவே இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள். ஆனால் அம்மா, "யார் பெற்ற பிள்ளைக்கோ பாடம் சொல்ல அவ்வளவு தூரம் போகணுமா?" என்கிறார். நல்ல காரியத்துக்குத்தான் போகிறேன் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. போகிற நாடு மாறும், சொல்லிக்கொடுக்கும் பாடம் மாறும், வீட்டுக்கு எப்படிப் புரியவைப்பது என்கிற கடைசி வரி மட்டும் மாறாது. நல்ல மனசு உங்களுக்கு, துணிந்து கிளம்புங்கள், அம்மா போகப்போகப் புரிந்துகொள்வார் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படி எழுதப்போவதில்லை. அம்மா விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்த ஆசிரியருக்கு விடுப்பு கொடுத்துவிடுவார்கள் என்கிறீர்கள். யார் கேட்ட விடுப்பு அது? அவரே கேட்டாரா, இல்லை அவர் தலையில் கட்டுகிறார்களா? அந்த ஆறு வாரத்துக்கு அவருக்குச் சம்பளம் உண்டா? அவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? கட்டணம் எவ்வளவு, விமானம் என்றைக்கு என்பதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். இதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை. ஏழை நாடுகள் பலவற்றில் அரசுச் சம்பளம் இல்லாமல், பெற்றோர்கள் திரட்டித் தரும் சிறு தொகைக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் உண்டு. மடகாஸ்கரில் பெற்றோர் சங்கங்களே இப்படி ஏராளமான ஆசிரியர்களை அமர்த்தியிருக்கின்றன. நீங்கள் போகும் பள்ளியின் ஆசிரியரும் அப்படிப்பட்டவர் என்றால், உங்கள் ஆறு வார சேவை அவர் வீட்டு வருமானத்தில் கை வைக்கிறது. அதைக்கூட விசாரிக்காமல் "வகுப்பு முழுக்க என் கையில்தான்" என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள்.

பிள்ளைகள் பக்கம் நின்று பாருங்கள். வெளியூர்க்காரர் ஒருவர் லேப்டாப்களோடு வந்து இறங்குகிறார், அன்றே அவர்களுடைய ஆசிரியர் வீட்டுக்குப் போகிறார். நம் சார் போதாது என்பதுதான் அந்த வகுப்பில் அவர்கள் படிக்கும் முதல் பாடம். ஆறு வாரம் கழித்து நீங்கள் கிளம்பியதும் அதே சார் திரும்பி வந்து அதே பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும். அவர் பேச்சை அவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே பெரியவரை அனுப்பிவிட்டு, முன்பின் தெரியாத ஒருவரை அவர்களோடு தனியாக விடுகிறார்கள். நீங்கள் நல்லவர் என்று எனக்குத் தெரியலாம், அந்தப் பெற்றோருக்கு எப்படித் தெரியும்? பொறுப்பான அமைப்பு போலீஸ் நற்சான்று கேட்கும், முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்கும், பிள்ளைகளோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதிகளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையின் படத்தைக்கூட இணையத்தில் போடக் கூடாது என்று சொல்லும். இதில் ஏதாவது உங்களிடம் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் அந்த அமைப்போடு போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இப்போது வகுப்புக்குள் போவோம். நீங்கள் மென்பொருள் ஆள். மவுஸைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறீர்களா? முதல் நாள் ஒரு பிள்ளை மவுஸை மேசை விளிம்புவரை தள்ளிக்கொண்டே போகும். இடம் தீர்ந்ததும் கையோடு அந்தரத்தில் தூக்கிப் பிடித்து, அம்பு ஏன் நகரவில்லை என்று உங்களைப் பார்க்கும். இரண்டு முறை கிளிக் செய்யச் சொன்னால் இரண்டுக்கும் நடுவில் கை நகர்ந்துவிடும். ஃபோல்டர் திறக்காது, இழுபட்டு வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு கம்ப்யூட்டருக்கு நான்கு பேர் என்றால் மவுஸ் எப்போதும் தைரியசாலி ஒருவனின் கையில்தான் இருக்கும். ஓரத்தில் நிற்கும் பெண் ஆறு வாரமும் எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவாள். அவள் ஏன் வாய் திறப்பதில்லை, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எப்படி உட்காரவைப்பது, எந்த இருவரைச் சேர்த்து உட்காரவைத்தால் சண்டை வராது என்பதெல்லாம் அந்த ஆசிரியருக்குத்தான் தெரியும். அந்த ஊர் மொழி உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

பொருளைக் கொடுத்தால் படிப்பு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை உங்களுக்கு மட்டும் இல்லை. 2005இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபான்டே ‘ஒன் லேப்டாப் பெர் சைல்ட்’ திட்டத்தை அறிவித்தபோது உலகமே கை தட்டியது. நூறு டாலருக்கு ஒரு லேப்டாப், பிள்ளைக்கு ஒன்று. பெரு நாடு லட்சக்கணக்கில் வாங்கிக் கொடுத்தது. அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் அங்கே 319 கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் அறிக்கை வெளியிட்டார்கள். மாணவருக்கு 0.12 ஆக இருந்த கம்ப்யூட்டர் 1.18 ஆகியிருந்தது, பிள்ளைகளும் அதை நிறையவே பயன்படுத்தினார்கள். ஆனால் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் ஏதோ கொஞ்சம் தெரிந்தது, அவ்வளவுதான். லேப்டாப் போன வேகத்துக்கு ஆசிரியர் பயிற்சி போகவில்லை. ஒரு நாடே செய்து பார்த்த காரியம் இது. நீங்கள் 12 லேப்டாப்போடு போகிறீர்கள், அதுவும் ஆசிரியரையே வெளியே நிறுத்திவிட்டு.

கால அளவையும் பாருங்கள். 1961இல் தொடங்கிய அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பில் ஒரு தன்னார்வலர் வழக்கமாக 27 மாதம் இருக்க வேண்டும். அதில் முதல் மூன்று மாத அளவு மொழிக்கும் பயிற்சிக்கும் போய்விடும். 1958இல் பிரிட்டனில் வி.எஸ்.ஓ. என்ற தன்னார்வலர் அமைப்பைத் தொடங்கியபோது பள்ளி முடித்த இளைஞர்களை அனுப்பினார்கள். பிறகு, தொழில் தெரிந்தவர்களை உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து வேலை செய்ய அனுப்பும் முறைக்கு வந்தார்கள். ஆறு வாரத்தில் ஒன்றுமே செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்து முடிக்க அது போதாது. ஏற்கெனவே பாடம் நடத்தத் தெரிந்த ஓர் ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குத் தெரியாத நான்கு விஷயங்களைக் கை பிடித்துக் காட்ட அது தாராளம்.

ஏழாவது வாரத்தை நினைத்துப் பாருங்கள், நீங்கள் ஊருக்குத் திரும்பிய மறுநாளை. யாரோ ஒரு பையன் கொண்டுவந்த பென் டிரைவில் வைரஸ். மூன்று லேப்டாப்பில் பேட்டரி செத்துவிட்டது, கரண்ட் போனால் அவையும் போகும். ஒன்றில் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை, அது உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. இன்னொன்று அப்டேட் இறக்குகிறேன் என்று யாரோ காசு போட்ட மொபைல் டேட்டாவை ஒரே மூச்சில் தின்றுவிட்டது. விடுப்பிலிருந்து வந்த ஆசிரியர் இந்த 12 பெட்டிகளை இன்றைக்குத்தான் முதல் முறையாகத் தொடுகிறார். அவர் என்ன செய்வார்? அறையைப் பூட்டிச் சாவியைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

ஆகவே முதல் வேலையாக அந்த விடுப்பை ரத்து செய்யச் சொல்லுங்கள். அமைப்பிடம் அந்த ஆசிரியரின் தொடர்பு எண்ணை வாங்கி அவரோடு நேராகப் பேசுங்கள். அவருடைய பாடத்திட்டத்தில் என்ன இருக்கிறது, பிள்ளைகள் எங்கே திணறுகிறார்கள், அறையில் கரண்ட் எத்தனை மணி நேரம் இருக்கும், இணையம் உண்டா என்று கேளுங்கள். இணையம் இல்லை என்று வைத்துக்கொண்டே தயார் செய்யுங்கள். பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகும் ஸ்கிராட்ச் இணையம் இல்லாமலே ஓடும், பல மொழிகளில் கிடைக்கும். மவுஸ் பழக ஜிகாம்ப்ரிஸ் என்ற சிறுவர் மென்பொருள் நல்லது. இணையம் இல்லாமல் ஓடும் இரண்டு மென்பொருள்கள் உண்டு, கொலிப்ரியில் பாடங்களையும் கிவிக்ஸில் விக்கிபீடியாவையும் ஏற்றிக்கொண்டு போகலாம். எழுத, கணக்குப் போட லிப்ரே ஆபீஸ். எல்லாமே இலவசம், உரிமத் தொல்லை இல்லை. உங்கள் வீட்டிலேயே இணையத்தை அணைத்துவிட்டு 12 லேப்டாப்பிலும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். ஓடாததை எடுத்துப் போகாதீர்கள். இங்கே குப்பையாக இருப்பது அங்கேயும் குப்பைதான், அதை அப்புறப்படுத்த அவர்களிடம் வழியும் இருக்காது.

அங்கே போனபின் வகுப்பை அவர் நடத்தட்டும், நீங்கள் பின்வரிசையில் நில்லுங்கள். மாலையில் இருவரும் உட்கார்ந்து ஒரு லேப்டாப்பை முழுக்க அழித்து, அவர் கையாலேயே எல்லாவற்றையும் மறுபடி ஏற்றவையுங்கள். அவருக்கு அலுக்கும் வரைக்கும். பாஸ்வேர்டு, பழுது பார்க்கும் முறை எல்லாம் அவர் நோட்டில், அவர் மொழியில், அவர் கையெழுத்தில் இருக்க வேண்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். விசா விஷயத்தையும் தூதரகத்தில் நேரடியாகக் கேளுங்கள். சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலைதான் என்று கருதும் நாடுகள் பல உண்டு. சுற்றுலா விசாவே போதும் என்று அமைப்பு சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள்.

சரி, அம்மா விஷயம். "யார் பெற்ற பிள்ளைக்கோ" என்று அம்மா சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த ஊர்ப் பிள்ளையானாலும் படிக்க வைப்பது பெரியவர்கள் எல்லோருக்கும் உள்ள கடமை. கையில் தொழில் இருப்பவர் அதைக் கடல் தாண்டிப் போய்ச் சொல்லிக்கொடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் இன்னொரு ஆளையும் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். அக்கா பார்த்துக்கொள்வாள். அந்த ஆசிரியரைப் பார்க்காத அதே கண்தான் இங்கேயும். அக்காவிடம் கேட்டீர்களா? அவர் என்ன சொன்னார் என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை. அம்மா மறுத்ததை எழுதியிருக்கிறீர்கள், அக்காவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

ஒரு முறை பக்கவாதம் வந்தவருக்கு மறுபடி வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ரத்த அழுத்த மாத்திரை ஒரு வேளை தவறக் கூடாது, உடற்பயிற்சி விட்டுப்போகக் கூடாது, குளியலறையில் வழுக்கக் கூடாது. முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதனால் ஒருவர் இரவும் காதைத் தீட்டிக்கொண்டேதான் தூங்க வேண்டும். "பரவாயில்லை" என்று நீங்கள் எழுதியிருப்பது அக்காவின் ஒரு வருட உழைப்பு. பெற்றவரைப் பார்த்துக்கொள்ளும் கடமையில் மகன், மகள் என்ற வித்தியாசம் எனக்குக் கிடையாது. சம்பாதிக்கிறவன் பணம் அனுப்பினால் போதும், வீட்டில் இருப்பவள் மீதியைப் பார்ப்பாள் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். எடுத்துக் கட்டிச் செய்கிற ஒருத்தி இருக்கிறாள் என்பதற்காக மற்றவர்கள் கழன்றுகொள்வதை எத்தனையோ குடும்பங்களில் பார்த்தாயிற்று. அதில் பெரும்பாலும் அந்த ஒருத்தி வாய் திறப்பதே இல்லை.

விடுப்பு யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் அக்காவுக்குக் கொடுங்கள். பயணத்தைச் சில மாதம் தள்ளிப்போடுங்கள். பள்ளிக்கு நஷ்டமில்லை, அந்த மாதங்களில் வாரம் ஒரு முறை அந்த ஆசிரியரோடு வீடியோவில் பேசி வேலையைத் தொடங்கிவிடலாம். ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் அமைப்பே இணையவழித் தொண்டுக்கு ஆள் சேர்க்கிறது, வீட்டிலிருந்து செய்வது மட்டமான சேவை ஒன்றும் இல்லை. நடுவில் அலுவலகத்தில் இரண்டு வாரம் லீவு போட்டு, அம்மாவின் மாத்திரை, பயிற்சி, குளியல், இரவு என்று அத்தனையும் நீங்களே பாருங்கள். அக்கா எங்கே போக விரும்புகிறாரோ அங்கே போகட்டும். நாளுக்கு நான்கு முறை போன் போட்டு, அது எங்கே இது எங்கே என்று அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அவர் திரும்பி வந்தபிறகு, அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரிடம் நேராகக் கேளுங்கள்: நான் ஆறு வாரம் போகலாமா, போனால் உனக்குத் துணைக்கு யாரை ஏற்பாடு செய்யட்டும், அதற்கான செலவை என் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறாயா? அமைப்புக்குக் கட்டணம் கட்டுவது அவர் பதில் சொன்னபிறகுதான்.