'டேபிள்' செய்வது என்றால் தாக்கலா, கிடப்பா?

சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் வாசகி கேட்கிறார்: "அமெரிக்க மேலாளர் மின்னஞ்சலில் 'லெட்ஸ் டேபிள் திஸ்' என்று எழுதியிருந்தார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேசப்போகிறோம் என்று நினைத்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஸ்லைடு தயார் செய்தேன். கூட்டத்தில் அந்தப் பேச்சே எழவில்லை. எங்கே தவறு?"

உங்கள் மேல் தவறே இல்லை. நாம் படித்தது பிரிட்டிஷ் ஆங்கிலம். அதில் ஒன்றை 'டேபிள்' செய்வது என்றால் விவாதத்துக்குக் கொண்டுவருவது. நம் நாடாளுமன்றச் செய்திகளில் அறிக்கையை 'டேபிள்' செய்தார்கள் என்று வருவதைத்தான் தமிழில் 'தாக்கல் செய்தார்கள்' என்கிறோம். அமெரிக்கர் அதே சொல்லைச் சொன்னால் நேர் எதிர்: அதைக் கிடப்பில் போடலாம், இப்போது வேண்டாம்.

லத்தீனில் 'டாபுலா' என்றால் பலகை. மேசையைக் குறிக்கும் 'டேபிள்' அதிலிருந்து வந்தது. மாத்திரையைச் சொல்லும் 'டேப்லெட்'டுக்கும் அதுவே வேர், சின்னப் பலகை என்று பொருள். வினைச்சொல்லின் இரண்டு அர்த்தங்களும் ஒரே மேசையிலிருந்து பிறந்தவைதான். காகிதத்தை அவையின் மேசையில் வைக்கிறார்கள். எல்லோரும் பார்த்துப் பேசட்டும் என்று வைத்தால் பிரிட்டிஷ் பொருள். கையில் இருந்ததை அங்கே இறக்கி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனால் அமெரிக்கப் பொருள். அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876-இல் வெளியிட்ட கூட்ட விதிகளிலும் 'மேசையில் வைப்பது' என்பது ஒத்திவைப்புதான்.

இதில் பெரிய ஆட்களே சிக்கியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் அவசரமான ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்கள். கூடாது என்று அமெரிக்கர்கள் மறுத்தார்கள். வாக்குவாதம் நீண்டு கசப்பாகவும் ஆனது. அப்புறம்தான் தெரிந்தது, இரண்டு தரப்புக்கும் வேண்டியது ஒன்றே என்று. சர்ச்சில் தன் போர் நினைவுகளில் இதை எழுதியிருக்கிறார்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அமெரிக்கர் சொன்னால் 'தள்ளிவைப்பு' என்றும், லண்டன்காரர் சொன்னால் 'எடுத்துப் பேசுவது' என்றும் கொள்ளுங்கள். பல நாட்டினர் இருக்கும் குழுவில் இந்தச் சொல்லை நீங்கள் எழுதவே வேண்டாம். 'டிஸ்கஸ்', 'போஸ்ட்போன்' இரண்டிலும் குழப்பமில்லை. அந்த ஸ்லைடை மட்டும் அழித்துவிடாதீர்கள். ராபர்ட்டின் விதிகளில் மேசையில் விட்டதைத் திரும்ப எடுக்கவும் வழி உண்டு. எப்போது எடுக்கப் போகிறார்கள் என்று மேலாளரிடம் ஒரு வரி கேட்டுவிடுங்கள்.